கருகிய மின்சுற்றுப் பலகை: மாற்றுமுன் காரணம் காண்போம்

நம் நாட்டின் இடைநிலைப்பள்ளிகளில் 2017ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடப்புக்கு வந்த கலைத்திட்டத்தில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடம் இடம்பெற்றிருப்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருப்பர். மின்னணுச் சுற்று அமைத்தலும், சிறு கட்டுப்பாட்டுப் பலகைகளுக்குக் கட்டளை எழுதுதலும் இப்பாடத்தின் பகுதிகளாகும். பள்ளியில் கற்றதை வீட்டிலும் செய்து பார்க்கும் ஆர்வம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே எழுகிறது. கறுப்புக் கோட்டைத் தொடர்ந்து தானே ஓடும் வண்டி, சுவரைக் கண்டால் திரும்பிச் செல்லும் வண்டி, பொருளைப் பற்றித் தூக்கும் கை எனப் பலவகை இயந்திரப் பொம்மைகளை அவர்கள் செய்கின்றனர். செங் வட்டாரத்துத் தோட்டங்களிலும் அண்டைப் பட்டணங்களிலும் வாழும் நம் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

இப்பொம்மைகளுக்கு மூளையாக விளங்குவது உள்ளங்கை அளவேயுள்ள ஒரு மின்சுற்றுப் பலகை. இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் 2005ஆம் ஆண்டு மாணவர்களுக்காக உருவாக்கப்பெற்ற ஆர்டுயினோ என்னும் பலகை உலகெங்கும் பரவியுள்ளது. அதில் 'ஊனோ' என்னும் வகையைப் பிள்ளைகள் மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். அதனையே இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இப்பலகை சிறிதாயினும் அதற்கு ஆகும் செலவு சிறிதன்று. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆகும். வாரத்தில் ஆறு நாள் உழைப்பவருக்கு இது நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 சென். அசல் ஊனோ பலகை ஒன்றின் விலை இத்தொகையை விஞ்சும். மாற்று நிறுவனங்கள் செய்யும் பலகைகள் மலிவாகக் கிடைப்பினும், மோட்டார், சக்கரம், மின்கலம் எனச் செலவுகள் தொடர்கின்றன. இத்தகைய பலகை ஒருநாள் 'டப்' என்னும் ஒலியோடு புகைந்து கருகிவிட்டால் வீட்டில் வருத்தம் எழுவது இயற்கையே.

அவ்வேளையில் பொதுவாக இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. ஒன்று, ஆராயாமலே பலகையைக் குப்பையில் எறிந்துவிடுவது. மற்றொன்று, கடன்பட்டேனும் புதிய பலகை வாங்கி, பழைய கம்பிகளை அப்படியே அதில் பொருத்துவது. பின்னதைச் செய்தவர், முதற்பலகை கருகிய அதே வினாடியில் இரண்டாம் பலகையும் கருகக் காண்பர். ஆகவே, நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது ஒன்றே: பலகை கருகியது நோயின் அறிகுறி, நோய் வேறோர் இடத்தில் இருக்கலாம். அதனைக் கண்டு நீக்கிய பின்னரே புதிய பலகைக்குப் பணம் செலவிட வேண்டும்.

பால்மரத்தோடு பழகிய நமக்கு இவ்வுண்மை புதிதன்று. பட்டை வறண்டு மரம் பால் தராமற் போனால், மங்கை மாற்றிக் கட்டுவதால் பால் வருமா? அளவுக்கு மீறி வெட்டினார்களா, வெட்டு ஆழமாகிவிட்டதா, மருந்து மிகுதியாயிற்றா என்றுதானே அனுபவமுள்ளவர் ஆராய்வார்? அதே முறையை மின்பலகைக்கும் கையாளலாம்.

முதலில் செய்ய வேண்டியவை

புகையையோ தீய்ந்த வாடையையோ உணர்ந்த உடனே மின்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். கணினியோடு இணைந்த கம்பியைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல், மின்கலத்தையும் கழற்ற வேண்டும். சன்னல்களைத் திறந்துவிட்டுப் புகை நீங்கும்வரை விலகி நிற்க வேண்டும். 'மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்' என்னும் ஆவலை அடக்குவது மிக முக்கியம். முதல்முறை ஓர் உறுப்போடு நின்ற சேதம், இரண்டாம் முறை பலகை முழுவதும் பரவக்கூடும்.

மின்கலத்தைத் தனியே கவனிக்க வேண்டும். பிள்ளைகள் பயன்படுத்தும் லித்தியம் மின்கலம் ஒன்றின் பெயரளவு அழுத்தம் 3.7 வோல்ட், முழுமையாக மின்னேற்றினால் 4.2 வோல்ட். அழுத்தம் குறைவாகத் தோன்றினும், அதன் இருமுனைகளும் நேராகத் தொட்டுக்கொண்டால் பல ஆம்பியர் மின்னோட்டம் ஒரே நேரத்தில் பாய்ந்து தீ மூளக்கூடும். உப்பிப்போன அல்லது தொடமுடியாத அளவு சுடும் மின்கலத்தைக் குத்தவோ நசுக்கவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. பாதுகாப்பாக எடுக்க முடிந்தால், எரியக்கூடிய பொருள் அருகில் இல்லாத சிமெந்துத் தரையில் வீட்டுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். தீ மூண்டுவிட்டால் அனைவரும் வெளியேறி 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மின்னோட்டத்தின் இயல்பு

காரணம் காண விழைபவர் மின்சாரத்தின் இயல்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம். மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து குழாய்வழி நீர் இறங்குவதை நினைத்துக்கொள்வோம். தொட்டியின் உயரத்தை ஒத்தது மின்னழுத்தம். அதனை வோல்ட் என்னும் அளவால் குறிப்பர். குழாயில் ஓடும் நீரின் அளவை ஒத்தது மின்னோட்டம். அதனை ஆம்பியர் என்பர். குழாயின் குறுக்கத்தை ஒத்தது மின்தடை. அதன் அளவு ஓம். மெல்லிய வழியில் மிகுதியான மின்னோட்டம் பாய்ந்தால் வெப்பம் உண்டாகிறது. வெப்பம் மிகுந்தால் உறுப்பு கருகுகிறது.

ஊனோ பலகையின் மூளையான சில்லு 5 வோல்ட் அழுத்தத்தில் இயங்குகிறது. அதன் ஒவ்வொரு முனையும் தாங்கக்கூடிய உச்ச அளவு 40 மில்லி ஆம்பியர். அதாவது ஓர் ஆம்பியரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 20 மில்லி ஆம்பியருக்குள் நிறுத்திக்கொள்வதே நல்லது. ஆனால், பொம்மை வண்டிகளில் பொருத்தப்படும் மஞ்சள்நிறச் சிறு மோட்டார் தடையின்றிச் சுழலும்போதே இவ்வளவைப் பல மடங்கு கடந்துவிடுகிறது. சக்கரத்தில் நூலோ முடியோ சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் அது ஏறத்தாழ ஓர் ஆம்பியரை இழுக்கும். மோட்டாரை நேராகப் பலகையின் முனையில் இணைக்கக்கூடாது என்று ஆசிரியர்கள் கூறுவதன் காரணம் இதுவே.

கண்ணாலும் மூக்காலும் ஆராய்தல்

மின்தொடர்பு அற்ற பலகையை நல்ல வெளிச்சத்தில் வைத்து, இயன்றால் பூதக்கண்ணாடி கொண்டு நோக்க வேண்டும். கரிந்த புள்ளி, வெடித்த சில்லு, உப்பிய உறுப்பு, உருகிய கம்பியுறை ஆகியவற்றைத் தேட வேண்டும். தீய்ந்த வாடை எவ்விடத்தில் மிகுதி என்பதையும் கவனிக்கலாம். கருகிய இடம் காரணத்தைப் பெரும்பாலும் சுட்டிக்காட்டிவிடும்.

மின்கலச் செருகு துளையின் அருகிலுள்ள கறுப்பு உறுப்பு மின்னழுத்தச் சீராக்கி ஆகும். அது கருகியிருந்தால், வெளியிலிருந்து வந்த அழுத்தம் மிகுதி அல்லது பலகையிலிருந்து இழுக்கப்பட்ட மின்னோட்டம் மிகுதி எனக் கொள்ளலாம். நடுவிலுள்ள நீண்ட சில்லு கருகியிருந்தால், ஏதேனும் ஒரு முனையில் சுமை மிகுந்திருக்கலாம். அல்லது 5 வோல்ட் செல்லவேண்டிய வழியில் அதனினும் உயர்ந்த அழுத்தம் புகுந்திருக்கலாம். மோட்டாரை இயக்கும் தனிப்பலகை கருகியிருந்தால், மோட்டார் சிக்கி நின்றதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாப் படங்களையும் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்துக்கொள்வதும், கம்பிகளைக் கழற்றுமுன் எது எங்கே இணைந்திருந்தது எனக் குறித்துக்கொள்வதும் அவசியம். கம்பிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டால், குற்றம் நிகழ்ந்த இடத்தின் தடயங்களை அழித்ததற்கு ஒப்பாகும்.

மின்னளவுக் கருவியின் துணை

மல்டிமீட்டர் எனப்படும் மின்னளவுக் கருவியில் மலிவானதே இவ்வேலைக்குப் போதுமானது. வீட்டில் இல்லையெனில் பள்ளிப் பட்டறையில் ஆசிரியரின் அனுமதியோடு பயன்படுத்தலாம்.

முதலில் பலகையிலிருந்து எல்லாக் கம்பிகளையும் அகற்றிவிட வேண்டும். கருவியை மின்தடை அளக்கும் நிலையில் வைத்து, அதன் சிவப்புக் கம்பியை '5 வோல்ட்' எனக் குறிக்கப்பட்ட துளையிலும், கறுப்புக் கம்பியைத் தரைமுனைத் துளையிலும் வைக்க வேண்டும். எண் சிறிது நேரம் ஏறி இறங்கிப் பின்னர் நிலைக்கும். நூற்றுக்கணக்கான ஓம் அல்லது அதற்கு மேல் காட்டினால் அச்சமில்லை. இரண்டு மூன்று ஓம் மட்டுமே காட்டினால், உள்ளே குறுக்குத் தொடர்பு, அதாவது 'ஷார்ட்', ஏற்பட்டுள்ளது. அப்பலகைக்கு மின்சாரம் தரக்கூடாது.

ஊனோ பலகைகளில் சிலவற்றில் நீண்ட சில்லு தாங்கியில் செருகப்பட்டிருக்கும். அத்தகைய சில்லைப் பக்குவமாக நெம்பி எடுத்துவிட்டு மீண்டும் அளக்கலாம். இப்போது குறுக்குத் தொடர்பு மறைந்துவிட்டால் பழுது சில்லில்தான் என்பது தெளிவு. தொடக்கக் கட்டளை ஏற்றப்பட்ட புதுச் சில்லைத் தனியாக வாங்கிப் பொருத்தினால், முழுப்பலகையின் விலையில் ஒரு பகுதியோடு வேலை முடிந்துவிடும். சில்லின் ஒருமுனையிலுள்ள பள்ளக்குறி, முன்பிருந்த திசையிலேயே அமையும்படி பொருத்த வேண்டும். சில்லு பலகையோடு ஒட்டிப் பற்றவைக்கப்பட்ட வகையில் இவ்வசதி இல்லை.

பலகையைத் தனியே இயக்கிப் பார்த்தல்

குறுக்குத் தொடர்பு இல்லை என்று உறுதியான பின்னர், வேறு எதனையும் இணைக்காமல் பலகைக்கு மட்டும் மின்சாரம் தந்து பார்க்கலாம். இதற்குப் பள்ளியின் கணினியைப் பயன்படுத்துவதைவிட, 5 வோல்ட் தரும் கைத்தொலைபேசி மின்னேற்றியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. பலகையில் விளக்கு எரிகிறதா, எந்த உறுப்பாவது சில வினாடிகளில் சுடுகிறதா என்று கவனிக்க வேண்டும். சுட்டால் உடனே கழற்றிவிட வேண்டும்.

இங்கு ஒரு செய்தியை அறிந்திருத்தல் நன்று. ஊனோவில் கணினிக் கம்பி நுழையும் வழியில் 500 மில்லி ஆம்பியர் அளவில் ஒரு காப்பு உறுப்பு உண்டு. மின்னோட்டம் மிகுந்தால் அது சூடேறி வழியை அடைத்துக்கொள்ளும். ஆறியபின் தானே திறந்துவிடும். எனவே, செத்துவிட்டது எனக் கருதிய பலகை சில நிமிடங்கள் கழித்து மீண்டும் இயங்கினால், அது அதிசயமன்று. ஆயினும், சுமை மிகுதி என்னும் எச்சரிக்கையை அது நமக்குத் தந்துவிட்டது என்பதை மறக்கலாகாது.

பலகை இயங்கினால், விளக்கை விட்டுவிட்டு எரியச் செய்யும் எளிய கட்டளையை ஏற்றி, ஒவ்வொரு முனையாகச் சோதிக்க வேண்டும். சிவப்பு நிறச் சிறுவிளக்கு ஒன்றையும் 220 ஓம் மின்தடை ஒன்றையும் தொடராக இணைத்துக்கொண்டால் போதும். விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, எஞ்சும் 3 வோல்ட்டை 220 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. இது எல்லைக்குள் அடங்கியதே. ஊனோவில் 14 இலக்க முனைகளும் 6 உணர்வு முனைகளும் உள்ளன. ஒரு முனை மட்டும் பழுதாகியிருந்தால், அதன்மேல் ஒரு சிறு குறி ஒட்டிவிட்டு, மற்ற முனைகளைக் கொண்டு பல்லாண்டு பயன்படுத்தலாம்.

காரணங்கள் எவை?

பெரும்பாலான பலகைகள் கருகுவதற்குரிய காரணங்கள் சிலவே. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

முதலாவது, மோட்டாருக்குரிய மின்சாரத்தைப் பலகையின் வழியாக எடுத்தல். 12 வோல்ட் தந்து, பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து 300 மில்லி ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். எஞ்சிய 7 வோல்ட் முழுவதும் சீராக்கியில் வெப்பமாகக் கழிய வேண்டும். 7ஐ 0.3ஆல் பெருக்கினால் 2.1 வாட். நகக்கண் அளவுள்ள உறுப்புக்கு இது பெருஞ்சூடு. வண்டி சில நிமிடங்கள் ஓடி, நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் இக்காரணத்தை ஐயுற வேண்டும். மோட்டாருக்குத் தனி மின்கலமும் தனி இயக்கிப் பலகையும் அமைத்து, இரண்டின் தரைமுனைகளையும் ஒன்றோடொன்று இணைப்பதே முறை.

இரண்டாவது, முனை மாறி இணைத்தல். ஊனோவின் உருண்டைச் செருகு துளையில் முனைமாற்றத்தைத் தடுக்கும் உறுப்பு உண்டு. ஆனால், 'வின்' எனக் குறிக்கப்பட்ட துளைக்கு அக்காப்பு இல்லை. கூட்டல் முனைக்குச் சிவப்புக் கம்பி, தரைமுனைக்குக் கறுப்புக் கம்பி என்னும் வழக்கத்தை விடாது கடைப்பிடித்தால் இத்தீங்கு வாராது.

மூன்றாவது, இயக்கிப் பலகையின் அளவறியாமை. பிள்ளைகள் மிகுதியாக வாங்கும் 'எல் 298' வகை, வழியொன்றுக்கு 2 ஆம்பியர் வரை தாங்குவதாகக் குறிக்கப்பட்டுள்ளது. எனினும், ஓர் ஆம்பியர் ஓடும்போதே ஏறத்தாழ 2 வோல்ட் அதற்குள்ளேயே வெப்பமாகக் கழிகிறது. சக்கரம் சிக்கிய நிலையில் வண்டியைக் கையால் பிடித்து நிறுத்தி வேடிக்கை பார்ப்பது அதற்குக் கேடு.

நான்காவது, மோட்டார் திருப்பி அனுப்பும் அதிர்ச்சி. வேகமாக நீர் ஓடும் குழாயைத் திடீரென அடைத்தால் குழாய் அதிர்ந்து ஒலிப்பதைக் கண்டிருப்போம். அதுபோல, சுருள்கம்பி கொண்ட மோட்டாரின் மின்சாரத்தைத் திடீரென நிறுத்தும்போது ஒரு கணம் உயர்ந்த அழுத்தம் தோன்றிச் சில்லைத் தாக்குகிறது. ஒருவழி மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு என்னும் சிற்றுறுப்பு இதற்குக் காப்பாகும். கடையில் விற்கும் இயக்கிப் பலகைகள் பலவற்றில் அது முன்னரே அமைந்திருக்கும். பிள்ளைகள் தாமே அமைக்கும் சுற்றில் மறவாது சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது, எதிர்பாராத தொடுகை. பலகையின் அடிப்புறத்தில் கூரிய பற்றவைப்பு முனைகள் துருத்தி நிற்கும். வண்டியின் அடித்தட்டு தகரமாயின், அவை அதனைத் தொட்டுக் குறுக்குத் தொடர்பு உண்டாகும். தளர்ந்த திருகாணி, பிரிந்த கம்பியிழை, மின்சாரம் இருக்கும்போதே கம்பி மாற்றுதல் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

ரப்பரும் மின்காப்பும்

அடித்தட்டுக்கும் பலகைக்கும் இடையே மின்சாரம் கடத்தாத பொருளை வைக்க வேண்டும் என்றதும், நமக்கு ரப்பர் நினைவுக்கு வரும். மரத்துப் பால் மின்சாரத்தைத் தடுத்துக் காக்கும் என்பது பழைய உண்மை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1851ஆம் ஆண்டு இடப்பட்ட கடலடித் தந்திக் கம்பிக்கு, மலாய்த் தீவுக்கூட்டத்துக் காடுகளில் கிடைத்த கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலே உறையாயிற்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை: டயர் போன்ற கறுப்பு ரப்பரில் கரித்தூள் கலந்திருக்கிறது. கரித்தூள் மிகுந்த ரப்பர் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தக்கூடும். ஆகவே, பழைய டயர்த் துண்டை நம்பாமல், நெகிழித் தட்டையோ நெகிழித் தாங்கிகளையோ பயன்படுத்துவதே தக்கது.

பெற்றோர் ஆற்ற வேண்டிய பங்கு

மின்னணுவியல் கல்லாத பெற்றோரும் இதில் பெரும்பங்கு ஆற்றலாம். பலகை கருகியதும் பிள்ளையை வைதால், அடுத்தமுறை அது பலகையை ஒளித்து வைக்கும். பலகையோடு சூடேறிய மின்கலமும் படுக்கைக்கு அடியில் ஒளிந்துவிடும். அதனால் விளையும் ஆபத்து, இழந்த பணத்தினும் பெரிது. மாறாக, 'என்ன இணைத்தாய்? எத்தனை வோல்ட்? எது முதலில் சுட்டது?' என மூன்று கேள்விகள் கேட்டால் போதும். விடைதேடும் பழக்கம் பிள்ளையிடம் வேர்விடும்.

தோட்டத்து அலுவலகத்தில் செக்ரோல் எழுதப்படுவது போல, பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நாள், இணைத்த உறுப்புகள், மின்கலத்தின் அழுத்தம், நேர்ந்த பழுது, கண்ட காரணம் ஆகியவற்றை அதில் எழுதி வரட்டும். பற்றவைப்புக் கோலைப் பயன்படுத்தும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். ஈயம் கலந்த பற்றுப்பொருளைத் தொட்டபின் கைகழுவாமல் உணவு உண்ணலாகாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால், சுவரில் செருகும் மின்னேற்றியைத் திறந்து பழுதுபார்க்கப் பிள்ளைகளை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. இனிப் பயன்படாது என்று உறுதியான பலகையையும் மின்கலத்தையும் எரிக்கவோ பால்காட்டில் எறியவோ செய்யாமல், மின்னணுக் கழிவு திரட்டும் நிலையத்தில் சேர்க்க வேண்டும்.

காரணம் காணும் திறன் பொம்மையோடு முடிவதன்று. செங்கிற்கு அண்மையிலுள்ள பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் 1973ஆம் ஆண்டு சீமென்ஸ் நிறுவனம் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அது 1999ஆம் ஆண்டு முதல் இன்ஃபினியன் என்னும் பெயரில் இயங்கி வருகிறது. இத்தகைய சில்லுத் தொழிலில், பழுதுற்ற சில்லு ஏன் பழுதுற்றது என்று ஆராய்வது தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, டுரியான் துங்காலில் மின்னியல், மின்னணுவியல் பொறியாளர்களை உருவாக்கி வருகிறது. இவ்வாயில்கள் நம் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை.

ஆகவே, பலகை கருகிய அன்று கடைக்கு விரையாமல், மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையோடு மேசையருகே அமர்வோம். கருகிய இடத்தைத் தேடுவோம், அளந்து பார்ப்போம், காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுவோம். அதன்பின் வாங்கும் பலகை, நெடுநாள் உழைக்கும்.